நாற்பதாயிரம் இருக்கைகளா, நாள்தோறும் ஆடும் தரையா? யாழ்ப்பாணத்தின் முன்னுள்ள மூன்று வழிகள்

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி, யாழ் நகரை அடுத்த தீவான மண்டைதீவில் யாழ்ப்பாணச் சர்வதேச கிரிக்கெட் அரங்கின் கட்டுமானப் பணியை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடங்கிவைத்தார். 138 ஏக்கரில் அமையவுள்ள விளையாட்டு நகரத்தில் 48 ஏக்கர் அரங்குக்கு ஒதுக்கப்படும் என்றும், அதில் 40,000 பேர் அமரலாம் என்றும், நடுவில் 10 ஆடுகளங்கள் இருக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. எங்கள் ஊர்க் கணக்கில் 48 ஏக்கர் என்பது 768 பரப்பு. யாழ் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ ஆறு இலட்சம் என்பதால், கைக்குழந்தை முதல் கிழவர் வரை பதினைந்து பேருக்கு ஓர் இருக்கை என்ற அளவில் அந்த அரங்கு எழும்.

இந்தச் செய்தி கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். லங்கா பிறீமியர் லீக்கில் 2020, 2021, 2022, 2024 என நான்கு தடவை கிண்ணம் வென்ற அணி யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கியது. அந்த நான்கு வெற்றிகளில் ஒன்றுக்குக்கூட யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டம் நடக்கவில்லை. யாழ். மத்திய கல்லூரியிலிருந்து புறப்பட்டு ஐ.பி.எல். வரை சென்ற விஜயகாந்த் வியாஸ்காந்தின் பந்துவீச்சை ஊரார் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். முப்பது ஆண்டு யுத்தத்தில் வளர்ந்த தலைமுறைக்கு, உலக அணிகள் தன் ஊருக்கு வந்து ஆட வேண்டும் என்ற ஏக்கம் சிறியதல்ல. ஆனால் முதற்கட்டம் தொடங்கிவிட்ட நிலையிலும் பெரிய செலவுகள் எல்லாம் இன்னும் முன்னால்தான் நிற்கின்றன. அந்தப் பணம் எந்த வழியில் போக வேண்டும் என்று இப்போதே கேட்டாக வேண்டும், ஏனெனில் கொங்கிரீட் ஊற்றிய பிறகு கேட்பதால் பயனில்லை.

என் பார்வையில் மூன்று வழிகள் உள்ளன. அறிவித்தபடி 40,000 இருக்கைகளையும் கட்டி முடிப்பது முதலாவது. மண்டைதீவில் தரமான தரையையும் பயிற்சி வசதிகளையும் மட்டும் அமைத்து, மிகுதிப் பணத்தைத் துரையப்பா விளையாட்டரங்குக்கும் பாடசாலை, கழக மைதானங்களுக்கும் பகிர்வது இரண்டாவது. புதிதாக எதையும் கட்டாமல், இருக்கிற இடங்களிலேயே வெளியூர் ஆட்களை வரவழைக்கும் போட்டிகளை நடத்துவது மூன்றாவது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன், விளையாட்டால் ஊருக்குப் பணம் வரும் விதத்தைக் கிட்ட நின்று பார்ப்பது நல்லது. 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர், யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் மார்ச் மாதத்தில் மூன்று நாள்கள் நடக்கும். அந்த நாள்களில் மத்திய கல்லூரி மைதானத்து வேலியோரம் ஒரு மணி நேரம் நின்றாலே போதும். ஒரு வாளியில் கீறிய மாங்காயும், மிளகாய்த்தூள் கலந்த உப்பும், மடித்த பத்திரிகைத் தாளுமாக ஒரு அம்மா இருக்கிறார். இந்த மூன்று நாளுக்காகவே விடுமுறை எடுத்து ரொறன்ரோவிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் ஓர் ஆயிரம் ரூபாத் தாளை நீட்டி நண்பர்களுக்கும் சேர்த்து வாங்குகிறார். அந்தத் தாள் அடுத்த நாள் கொடிகாமம் சந்தையில் மாங்காய்க்காரரின் கைக்குப் போகும். இது ஊருக்குப் புதிதாக வந்து ஊரிலேயே தங்கிய பணம். பக்கத்தில் நிற்கும் கொக்குவில் பையன் நூறு ரூபாவுக்கு மாங்காய் வாங்குகிறான். ஆட்டம் இல்லாவிட்டால் அதே நூறு ரூபாவைத் தன் பாடசாலை வாசல் கடையில் செலவழித்திருப்பான். இது கைமாறிய பணம். ஊரின் மொத்த வருமானம் ஒரு சதமும் கூடவில்லை. சற்றுத் தள்ளி, பெரிய நிறுவனம் ஒன்றின் விளம்பரக் கூடாரத்தில் ஒருவர் குளிர்பானம் வாங்குகிறார். கடைக்காரரின் சிறு இலாபம் போக அந்தப் பணம் அன்றிரவே கொழும்புக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் ரொஜர் நோல், அன்ட்ரூ சிம்பலிஸ்ட் முதலிய பொருளியலாளர்கள் 1990கள் தொட்டு நகரம் நகரமாக ஆராய்ந்து கண்டதும் இந்த மூன்று தாள்களின் கதைதான். அரங்கு கட்டுமுன் வெளியிடப்படும் இலாபக் கணக்குகளில் கைமாறும் பணமும் வெளியேறும் பணமும் புதிய வருமானமாகவே எண்ணப்படுகின்றன என்றும், அவற்றைக் கழித்தால் அரச பணத்தில் கட்டிய அரங்கு அதற்கு ஈடான வருமானத்தைப் பெரும்பாலும் தருவதில்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். இந்த முடிவில் பொருளியலாளர்களிடையே உள்ள ஒற்றுமை மற்ற விடயங்களில் அரிது.

இன்னொரு கழித்தலும் உண்டு. 2012 ஓகஸ்டில் லண்டனில் ஒலிம்பிக் நடந்தபோது பிரித்தானியாவுக்கு வந்த வெளிநாட்டவர் தொகை முந்திய ஆண்டு ஓகஸ்டை விடக் குறைந்தது. கூட்டத்துக்கும் விலையேற்றத்துக்கும் அஞ்சி வழமையான பயணிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். இதை நல்லூர் வீதியில் நின்று யோசித்தால் எளிதில் விளங்கும். கந்தசுவாமி கோவிலின் 25 நாள் திருவிழாக் காலத்தில் எங்கள் விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. அந்த நாள்களில் ஒரு சர்வதேச ஆட்டம் வைத்தால், கிரிக்கெட்டுக்கு வருபவர் திருவிழாவுக்கு வந்திருக்கக்கூடியவரின் அறையைத்தான் பிடிப்பார். திருவிழாவுக்கு வரவிருந்த சுவிஸ் உறவினர் ஆட்டத்துக்காகத் தன் பயணத்தை மாசி மாதத்துக்கு மாற்றினால், அதுவும் புதிய வருகை ஆகாது.

இந்த அளவுகோலோடு முதல் வழியைப் பார்ப்போம். அதற்குச் சாதகமாகச் சொல்லக்கூடியவை உண்டு. கட்டுமானக் காலத்தில் வேலை கிடைக்கும். தீவகத்துக்கான வீதியும் மின்சாரமும் மேம்படும். யாழ்ப்பாணம் என்ற பெயர் உலகத் தொலைக்காட்சிகளில் யுத்தச் செய்தியாக அல்லாமல் வேறொன்றாக ஒலிக்கும். இந்தக் கடைசி நன்மையைப் பணத்தில் அளப்பது கடினமென்றாலும் அதைப் பூச்சியம் என்று எழுதக் கூடாது. ஆனால் அந்த நன்மைக்கு 40,000 இருக்கைகள் தேவையா என்பதே கேள்வி.

அம்பாந்தோட்டைக்கு இதற்கான விடை தெரியும். 2011 உலகக் கிண்ணத்துக்காக அந்த மாவட்டத்துச் சூரியவெவவில் 35,000 பேருக்கான அரங்கு எழுந்தது. அந்தக் கிண்ணத்தில் அங்கே நடந்தவை இரண்டு ஆட்டங்கள். அதே காலத்தில் பல்லேகலையிலும் பிரேமதாச அரங்கிலும் செய்த செலவுகளும் சேர்ந்து கிரிக்கெட் சபையைக் கடனில் ஆழ்த்த, கிண்ணத்தின் இறுதிப் போட்டி வரை போன வீரர்களுக்கே பல மாதங்கள் சம்பளம் கொடுக்க முடியாமற் போனது. 2018 பொதுநலவாய விளையாட்டுகள் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்பாந்தோட்டை நம்பியிருந்தது. 2011 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் கோல்ட் கோஸ்ட் 43க்கு 27 என்று வென்றது. 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்களுக்கான ஒரு சர்வதேச ஆட்டம்கூடச் சூரியவெவவில் நடக்கவில்லை. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து நடத்தும் 2026 ரி20 உலகக் கிண்ணத்துக்கும் கொழும்பின் இரண்டு மைதானங்களும் பல்லேகலையுமே தெரிவாகின. பிரேமதாச, எஸ்.எஸ்.சி., பி. சரா, பல்லேகலை, காலி, தம்புள்ளை, சூரியவெவ என்று ஏற்கெனவே ஏழு மைதானங்கள் ஒரு சிறு நாட்டின் ஆட்ட நாள்களைப் பங்குபோடும்போது, எட்டாவதாக வரும் மைதானத்துக்கு ஆண்டுக்கு எத்தனை நாள் கிடைக்கும்? நான்கோ ஐந்தோ கிடைத்தால் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். மிகுதி 360 நாள்களும் அந்த இருக்கைகளை உப்புக்காற்று தின்னும்.

தொலைவில் உள்ள ஊர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பிரேசிலின் அமேசன் காட்டு நடுவே உள்ள மனாவுஸ் நகரம் 2014 உலகக் கிண்ணத்துக்காக 40,000க்கு மேற்பட்டோர் அமரும் அரங்கைக் கட்டியது. உலகக் கிண்ண ஆட்டங்கள் நான்கு நடந்தன. அதன்பின் அதை நிரப்பக்கூடிய கழகம் அந்த ஊரில் இல்லை. 1976 ஒலிம்பிக்கை நடத்திய மொன்றியல், அரங்குக் கடனைக் கட்டி முடிக்க 2006 வரை சென்றது. ஒரு செல்வந்த நாட்டின் பெருநகரம் முப்பது ஆண்டு கட்டிய கடன் அது.

மண்டைதீவுக்கென்றே உரிய செலவுகளும் இருக்கின்றன. இவற்றைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. முதலில் தண்ணீர். 80 மீற்றர் எல்லைக்கோடு உள்ள மைதானத்தின் புற்றரை ஏறத்தாழ 20,000 சதுர மீற்றர் வரும். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் நீர் பாய்ச்சினால் அது ஓர் இலட்சம் லீற்றர்; 10,000 லீற்றர் பவுசர் (தண்ணீர் லொறி) என்றால் நாளுக்குப் பத்துப் பவுசர். ஆறு இல்லாத, சுண்ணாம்புக்கல்லின் கீழே தேங்கும் மழைநீரை நம்பியே வாழும் குடாநாடு இது. தீவகத்தில் குடிக்கவே பவுசர் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையாக நிற்கும் கிராமங்கள் உள்ளன. மழைநீரைத் தேக்கியும், கழிவு நீரைச் சுத்திகரித்தும், உப்பைத் தாங்கும் புல்லினங்களை நட்டும் இதைச் சமாளிக்கலாம். ஆனால் அந்தச் செலவு முதல் நாளிலிருந்தே கணக்கில் இருக்க வேண்டும். அடுத்தது வீதி. பண்ணையிலிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் ஒரே பாதையால் 40,000 பேரைப் பஸ்களில் கொண்டுபோவதென்றால், ஐம்பது பேருக்கு ஒன்றாக 800 ஓட்டங்கள் வேண்டும். ஆட்டம் முடிந்த இரவில் அவை எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். கண்டல்களும் சேற்றுநிலமும் பறவைகளும் நிறைந்த கரையோரம் அது என்று சூழலியலாளர்கள் எழுப்பிய எச்சரிக்கையையும் தட்டிக்கழிக்க முடியாது. அந்தச் சேற்றுநிலம் வெள்ளநீரை வாங்கிக்கொள்ளும் இடமும்கூட. 2025 நவம்பரில் டித்வா புயலைப் பார்த்த பிறகு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதியதல்ல. புல்லுக்குளத்தருகே இந்தியாவின் நன்கொடையில் 600 இருக்கைகள் கொண்ட மண்டபத்துடன் பண்பாட்டு மையம் எழுந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. இலவசமாகக் கிடைத்த கட்டடத்துக்கும் மின்கட்டணம் உண்டு. 40,000 இருக்கை அரங்கின் மின்விளக்குக் கோபுரங்களையும் கூரையையும் வடிகால்களையும் காக்கும் வலு ஒரு பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ இல்லை.

இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. “அந்தப் பணத்தில் வைத்தியசாலை கட்டலாமே” என்ற வாதம் முழுமையாகப் பொருந்தாது. கிரிக்கெட் சபையின் வருமானம் பெரும்பாலும் ஒளிபரப்பு உரிமையாலும் சர்வதேச கிரிக்கெட் சபையின் பங்கீட்டாலும் வருவது. அது எந்த நிலையிலும் யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போயிருக்காது. ஆனால் நிலமும் வீதியும் நீரும் மின்சாரமும் பொலிஸ் காவலும் பொதுமக்கள் பணம். கிரிக்கெட் பணத்துக்குள்ளேயே பார்த்தாலும், இருக்கைகளுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாவும் பாடசாலை ஆடுகளங்களுக்குப் போகாத ரூபாதான்.

இரண்டாவது வழியை ஆதரிப்பவர்களிடம் பொதுவாகக் கேட்கப்படுவது, சிறிய மைதானத்துக்கு உலக அணிகள் வருமா என்பது. காலி நகரின் மைதானத்தைப் பாருங்கள். அங்கே வானளாவிய மாடங்கள் இல்லை. பக்கத்தில் உள்ள கோட்டைச் சுவரில் ஏறி நின்றே ஆட்டம் பார்க்கிறார்கள். 2004 சுனாமி அடித்துப்போட்ட அந்த மைதானம் 2007 டிசெம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியோடு மீண்டும் திறந்தது. இங்கிலாந்து அணி வரும்போது கூடவே வரும் ரசிகர்கள் ஐந்து நாள் ஆட்டத்துக்காக ஆறு ஏழு இரவுகள் தங்குகிறார்கள். காலை உணவு முதல் முச்சக்கர வண்டி வரை ஊரில் செலவழிக்கிறார்கள். ஓர் இரவு ரி20 ஆட்டத்துக்கு வரும் 40,000 பேரில் பெரும்பாலோர் எங்கள் மாவட்டத்தாராகவும் அயல் மாவட்டத்தாராகவும் இருப்பார்கள். இரவே வீடு திரும்புவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து ஆறு இரவு தங்கும் 2,000 பேர், தங்காமல் போகும் 40,000 பேரைவிட ஊருக்கு அதிகம் விட்டுச்செல்வார்கள் என்றே நான் எண்ணுகிறேன். ஊருக்கு வருமானம் தங்கும் இரவுகளால் வருகிறது. இருக்கைகளின் எண்ணிக்கையால் அல்ல. யாழ்ப்பாணத்திலும் ஒரு கோட்டை இருக்கிறது. தீவுகளும் நெடுந்தீவுப் படகும் கூழும் இருக்கின்றன. ஐந்து நாளில் சலிக்கக்கூடிய ஊர் இது இல்லை.

ஆகவே மண்டைதீவில் எல்லைக்கோட்டைச் சுற்றி மண்மேடு அமைத்து அதில் புல் வளர்த்து, நிரந்தர இருக்கைகளை ஐயாயிரத்துக்குள் வைத்து, பெரிய ஆட்டம் வரும் நாளில் தற்காலிக இருக்கைகளை வாடகைக்கு எடுக்கலாம். ஆடுகளமும் வீரர் அறைகளும் ஒளிபரப்பு வசதியும் சர்வதேசத் தரத்தில் இருக்க வேண்டும்; பார்வையாளர் மாடம் பின்னால் வரலாம். மிச்சமாகும் பணத்தின் பயனைக் காண நகருக்குள் வந்தாலே போதும். பொது நூலகத்துக்கு எதிரே உள்ள துரையப்பா அரங்கை இந்தியா 7 கோடி இந்திய ரூபா செலவில் புதுப்பிக்க, 2016 ஜூனில் அது மீண்டும் திறக்கப்பட்டது. 1,850 பேர் அமரும் அந்தச் சிறிய இடத்தில் மெய்வல்லுநர் போட்டியும் உதைபந்தாட்டமும் மாகாண விழாவும் நடக்கின்றன. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் கோலூன்றிப் பாய்தலிலும் உதைபந்தாட்டத்திலும் நாடறிந்தவர்கள். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கம் உலகறிந்தவர். குருநகரிலும் நாவாந்துறையிலும் மாலை நேரத்தில் உதைபந்து இல்லாத நாள் இல்லை. கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய ஓர் அரங்கு இவர்களில் எவருக்கும் ஒரு மணி நேரத்தைக்கூடத் தராது; பகிர்ந்து செலவிடும் பணம் இவர்கள் எல்லோருக்கும் மின்விளக்கையும் உடைமாற்றும் அறையையும் ஒழுங்கான ஓடுபாதையையும் தரும். பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை இல்லாத மைதானங்கள் இருக்கும்போது நாற்பதாயிரமாவது இருக்கையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இந்த வழியின் குறை, இது கண்ணுக்குத் தெரியாத முதலீடு என்பது. பத்து மைதானங்களில் புல் நட்டதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது; பணம் சிதறிப்போகும் ஆபத்தும் கணக்கு வழக்குத் தெளிவில்லாமற் போகும் ஆபத்தும் அதிகம். ஒரு பெரிய ஒப்பந்தத்தைக் கண்காணிப்பதைவிட முப்பது சிறு ஒப்பந்தங்களைக் கண்காணிப்பது கடினம்.

மூன்றாவது வழி மலிவானது. பலர் நினைப்பதைவிடப் பலனுள்ளது. உக்ரேன் யுத்தத்தால் ரஷ்யாவிடமிருந்து பறிபோன சதுரங்க ஒலிம்பியாட்டைத் தமிழ்நாடு ஏற்று, 2022 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடத்தியது. நான்கு மாத ஆயத்தம், விடுதி வளாகத்தில் எழுப்பிய மண்டபம், 90 கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட ஒதுக்கீடு. 180க்கு மேற்பட்ட நாடுகளின் அணிகள் இரண்டு வாரம் அங்கேயே தங்கின. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 20 கோடி டொலருக்கு மேல் மிச்சம் பிடித்ததற்கும் முதற் காரணம், 1932 ஒலிம்பிக்கில் பயன்பட்ட பழைய அரங்கையே அது மீண்டும் எடுத்ததுதான். 2026 பொதுநலவாய விளையாட்டுகளை ஏற்றிருந்த அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 260 கோடி அவுஸ்திரேலிய டொலர் என்ற மதிப்பீடு 600 கோடியைத் தாண்டுவதைக் கண்டு 2023 ஜூலையில் விலகி, 38 கோடி டொலர் நட்டஈடும் செலுத்தியது. அதைப் பின்னர் ஏற்ற கிளாஸ்கோ 10 விளையாட்டுகளை மட்டும், இருக்கிற அரங்குகளிலேயே நடத்துவதாகச் சொன்னது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு எல்லை போடுவது விமானமும் அறைகளும். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பவை எழுபது எண்பது பேர் அமரும் சிறு விமானங்கள். ஆகவே நூறு இருநூறு போட்டியாளர்கள் ஒரு வாரம் தங்கும் சதுரங்கமோ, புலம்பெயர் நாடுகளின் தமிழ்ப் பிள்ளைகள் பங்குபெறும் கரப்பந்தாட்டமோ எங்கள் அளவுக்குப் பொருந்தும். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் பழக வேண்டிய வேலை; 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் இசை நிகழ்ச்சி ஒன்று தள்ளுமுள்ளுக்குள்ளானதை நாங்கள் மறக்கவில்லை. அரங்கு இல்லாமல் நடத்தும் நிகழ்ச்சிக்கும் தடுப்பு, வழி, வைத்தியர் குழு என்ற செலவு உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்கு இடம்விட்டு, நல்லூர்த் திருவிழாவையும் விலக்கினால், தை முதல் ஆனி வரையான மாதங்களே கிடைக்கும்.

மூன்றையும் வைத்துப் பார்த்தால், இரண்டாவது வழியை முதுகெலும்பாகக் கொண்டு, மூன்றாவதை இந்த ஆண்டே தொடங்கி, முதலாவதை நிபந்தனையோடு தள்ளிவைக்க வேண்டும் என்பது என் தீர்மானம். நிபந்தனைகள் மூன்று. அடுத்த பத்தாண்டில் மண்டைதீவுக்கு ஆண்டுக்கு எத்தனை சர்வதேச ஆட்ட நாள்கள், எத்தனை லீக் ஆட்ட நாள்கள் என்று கிரிக்கெட் சபை எழுத்தில் தர வேண்டும். புற்றரைக்கான நீர் ஊர்க் கிணறுகளிலிருந்தோ குடிநீர்ப் பவுசர்களிலிருந்தோ வராது என்பதை அளந்து காட்ட வேண்டும். பராமரிப்புக்கென ஒரு வைப்பு நிதி, முதல் மாடம் எழுமுன் வங்கியில் இருக்க வேண்டும். மண்மேட்டில் அமர இடமில்லாமல் மக்கள் திரும்பிப்போகும் ஆட்டங்கள் தொடர்ந்து நடந்தால், அப்போது மாடத்தைக் கட்டுவதை நானே கேட்பேன்.

அதுவரை நடுவில் அமையவிருக்கும் அந்தப் 10 ஆடுகளங்களில் நான்கையாவது பதினைந்து வயதுக்குட்பட்ட பாடசாலை அணிகளுக்குக் கிழமை நாள்களில் திறந்துவிட வேண்டும். பாய் விரித்த ஆடுகளத்தில் பழகிய பிள்ளை, கொழும்பில் புற்றரை ஆடுகளத்தில் முதல் தடவை நிற்கும்போது பந்து எழும் உயரம் பிடிபடாமல் மூன்றாவது ஓவருக்குள் வெளியேறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத் தேவையானது வேலணை பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய தூரத்தில் ஒரு நல்ல ஆடுகளமும், மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வர இன்னொரு பஸ்ஸும்.